பார்த்தது, கேட்டது

சாப்பிடும்போது கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. அவள் சாப்பிடும்போதுதான் அதிகம் கேட்பாள். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் நாங்கள் இருவரும் ஒரே வருஷம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தோம். அவள் கறம்பக்குடிப் பக்கம், நான் ஆவூர். மதியம் தராசு அறைக்கு வெளியே நடையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து சாப்பிடுவோம். சேர்ந்த முதல் வாரமே என் டப்பாவில் இருந்த மீன் குழம்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"புளி இருக்கு. மாங்கா இருக்கு. மூணாவதா ஒண்ணு புளிக்குதேப்பா, அது எங்கேர்ந்து வருது?"

எனக்கென்ன தெரியும், அம்மா வைத்தது என்றேன். விட்டாளா? என் போனை வாங்கி ஆவூருக்குப் போட்டு அம்மாவிடமே கேட்டுவிட்டாள். அழுகப் போகிற தக்காளி இரண்டு கிடந்தன, கடைசியில் பிழிந்து விட்டேன் என்று அம்மா ஒப்புக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். படிக்கப் போன இடத்தில் போலீஸ்காரியோடு சேர்ந்துகொண்டு வீட்டுக் குழம்பை விசாரிக்கிறாயா என்று கேட்டாள்.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தத் தக்காளிதான் முதலில் வருகிறது. வேறொன்றைச் சொல்லாமல் தள்ளிப்போடுவதற்காகத்தான் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பட்டம் கிடைக்காமல் போனது ஒரு பீங்கான் மூடியால். அந்த மூடியைப் போட்டவள் நான்.

குட்டையான உருவம். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. கறம்பக்குடியிலிருந்து காலை வண்டியில் நின்றுகொண்டே வருவாள், உட்கார இடம் கிடைத்தாலும் யாருக்காவது கொடுத்துவிடுவாள். குரல் உயராது. எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து இரண்டு கேள்விகளில் ஒன்று வரும். "எங்கேர்ந்து வருது?" இல்லாவிட்டால் "யாரு பாத்தா?" புயலடித்துத் தென்னை மரங்களெல்லாம் சாய்ந்து கிடந்த வருஷம், பத்து நாளில் கரண்ட் வந்துவிடும் என்று அவள் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இவள் ஒருத்தி மட்டும் வீடு வீடாகப் போய், சொன்னது யார், கம்பம் இறங்கியதை யார் பார்த்தது என்று விசாரித்திருக்கிறாள். ஒருவரும் பார்க்கவில்லை. கேட்டுவிட்டு வந்து அரிக்கேன் விளக்குக்குத் திரி வாங்கி வைத்தாள்.

அவள் ஆராய்ச்சி செய்த விஷயமும் இதே கேள்விதான். ஜியோலைட் என்று ஒரு வெள்ளைத் தூள். பார்த்தால் கோலமாவு மாதிரி இருக்கும். பெட்ரோல் சுத்திகரிக்கும் இடங்களில் பெரிய மூலக்கூறுகளை உடைப்பது இந்தத் தூள்தான். உடைக்கிற பலம் அதன் அமிலத்தால் வருகிறது. அமிலம் எங்கேயிருந்து வருகிறது? மணலை எடுத்துக்கொண்டால் அது சிலிக்கானும் ஆக்சிஜனும். அதில் அமிலம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ஜியோலைட்டும் பெரும்பாலும் அதே சிலிக்கானும் ஆக்சிஜனும்தான், கண்ணுக்குத் தெரியாத அறைகளும் நடைவழிகளுமாகக் கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஆனால் கட்டும்போது சில இடங்களில் சிலிக்கானுக்குப் பதிலாக அலுமினியம் உட்கார்ந்துவிடும். சிலிக்கானுக்குச் சுமை நாலு, அலுமினியத்துக்கு மூன்று. ஒன்று குறைகிற இடத்தில் எதிர்மின்சுமை நின்றுவிடும். அதைச் சரிக்கட்ட ஒரு ஹைட்ரஜன் அயனி வந்து, சிலிக்கானுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் இருக்கிற ஆக்சிஜனில் ஒட்டிக்கொள்ளும். லேசாகத்தான் ஒட்டியிருக்கும், கேட்டவருக்குக் கொடுத்துவிடும். அப்படிக் கொடுப்பதைத்தான் அமிலம் என்கிறோம்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருப்பது. எனக்கு அது போதும். அவளுக்குப் போதாது. ஒரு தடவை வெளியூரிலிருந்து பெரிய பேராசிரியர் ஒருவர் சிறப்புரைக்கு வந்தார். அலுமினியம் இருப்பதால் ஜியோலைட்டில் அமிலம் இருக்கிறது என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போனார். இவள் எழுந்து நின்றாள். அலுமினியத்தைச் சுற்றி நாலு ஆக்சிஜன் இருக்கிறதே, ஹைட்ரஜன் எந்த ஆக்சிஜனில் உட்காருகிறது, அதை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டாள். அவர் சிரித்தார். மாலை வண்டிக்கு நேரமாகிறது என்றார். எங்கள் கைடு தலையைக் குனிந்துகொண்டார். வாசல் வரைக்கும் அவர் பின்னாலேயே போய்ப் பதில் வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள். அவருக்கே சரியாகத் தெரியவில்லை என்பதுதான் அந்தப் பதில்.

அவளுடைய ஆய்வு நோட்டு ஒன்று உண்டு. நீளமான, தடித்த அட்டை போட்ட நோட்டு. இடது ஓரத்தில் ஒரு பட்டையாகக் கோடு போட்டிருப்பாள். ஒவ்வொரு வரிக்கும் நேராக அந்தப் பட்டையில் ஒரு எழுத்து இருக்கும். தன் கண்ணால் பார்த்ததென்றால் 'பா'. யாரோ சொல்லிக் கேட்டதென்றால் 'கே', பக்கத்தில் சொன்னவர் பெயர். கைடு சொன்னாலும் 'கே'தான். பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து எழுதினாலும் 'கே', கம்பெனி பெயர் போட்டுவிடுவாள். அந்தப் பட்டையைப் பார்த்துத் துறையில் எல்லோரும் கேலி செய்தோம். காலையில் இட்லி சாப்பிட்டேன் என்றால் 'பா'வா 'கே'வா என்று கேட்போம். அவளும் சிரிப்பாள். பட்டையை மட்டும் விட மாட்டாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்த காலமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரில் பாதுகாப்பு அதிகாரி. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார்கள், யாரும் இதையெல்லாம் துருவ மாட்டார்கள். மதியம் சாப்பாட்டில் நான் பெருமையாகச் சொன்னதும், அந்த வேலையில அவரு இருக்குறத யாரு பாத்தா என்றாள். அது மனத்தில் முள்ளாகக் கிடந்தது. ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அப்பா தரகரிடம் சொன்னார். தரகர் அதை அப்படியே கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் வைத்தார். சந்தேகப்படுகிற வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சில மாதம் கழித்து அந்த ஆள் ஊருக்கு வந்தபோது தெரிந்தது, வேலை நிஜம்தான். கழுத்தில் அட்டை தொங்குகிற போட்டோவை எங்கள் தெருவிலேயே பலர் பார்த்தார்கள். அவளிடம் போய்க் கத்தினேன். அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"வேலை நெசந்தான்னு இப்பத்தானப்பா தெரிஞ்சிருக்கு," என்றாள்.

இரண்டு மாதம் அவளோடு சேர்ந்து சாப்பிடவில்லை. என் கல்யாணம் நின்றதற்கு ஜியோலைட்தான் காரணம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பிறகு ஒரு நாள் அவளே வந்து செய்தித்தாளின் மறுபாதியில் உட்கார்ந்தாள். நானும் நகர்ந்து இடம் விட்டேன். எனக்கு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணமும் ஆனது. அந்தக் கோபத்தில்தான் பிறகு நடந்ததைச் செய்தேன் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருக்கும். அது உண்மை இல்லை. அப்போது எனக்குக் கோபமே கிடையாது.

அவள் தயாரித்த தூள்கள் நாலு. ஒன்றைவிட அடுத்ததில் அலுமினியம் குறைவு. அலுமினியம் குறையக் குறைய ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி உட்காரும். பக்கத்தில் இன்னொரு அலுமினியம் இல்லாமல் தனியாக இருக்கிற அலுமினியம் கொடுக்கும் அமிலம்தான் பலமானது என்பது ஏற்கெனவே சொல்லப்பட்டது. அது எந்த அளவுக்கு, எந்த ஒழுங்கில் பலமாகிறது என்பதைத்தான் அவள் நாலு தூளை வைத்துக் காட்டப் பார்த்தாள். மூன்று முடிந்திருந்தது. நாலாவது தூளை உலையில் சுட வேண்டிய வாரத்தில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. நான் சுட்டு வைக்கிறேன், நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். ஒரு கரண்டித் தூளைக்கூட அடுத்தவரிடம் கொடுக்காதவள், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் தந்தாள். தட்டையான தட்டில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். மூடி போடக் கூடாது. மெதுவாகச் சூடேற்ற வேண்டும். ஐந்து பாகமாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு பாகம்.

மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு, பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் உலையில் என்னுடைய முறை. ஐந்து நாளுக்கு எங்கே போவது? அவள் திரும்பி வரும்போது வேலை முடிந்திருந்தால் சந்தோஷப்படுவாள் என்றும் நினைத்தேன். தூள் அத்தனையையும் ஒரே ஆழக் கிண்ணத்தில் கொட்டினேன். விளிம்பு வரைக்கும் வந்தது. உலையிலிருந்து எடுத்துக்கொண்டு நடையைக் கடக்கும்போது மேலேயிருந்து காரை உதிர்ந்து விழும், பழைய கட்டடம். அதற்காக மூடியையும் போட்டேன். சுடும்போது திறந்துவைத்து, எடுக்கும்போது மூடியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. மெதுவாகச் சூடேற்றவும் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்தது.

இட்லிச் சட்டியை மூடினால் உள்ளே என்ன நடக்குமோ அதுதான் கிண்ணத்துக்குள்ளும் நடந்திருக்கிறது. தூளிலிருந்து கிளம்பிய தண்ணீர் ஆவி வெளியே போக வழியில்லாமல் தூளையே அவித்துவிட்டது. அவிந்ததில் கட்டுமானத்துக்குள் உட்கார்ந்திருந்த அலுமினியத்தில் கொஞ்சம் இடம் பெயர்ந்து, வெளியே வந்து, அறைகளுக்குள் துண்டு துண்டாகக் கிடந்துவிட்டது. இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தூள் முன்னைப்போல வெள்ளையாகத்தான் இருந்தது. எவ்வளவு அலுமினியம் என்று அளந்து பார்த்தாலும் கணக்குச் சரியாகவே வரும். அது எங்கே இருக்கிறது என்பதைச் சாதாரண சோதனை சொல்லாது.

மூன்று நாள் கழித்து வந்தாள். முடித்துவிட்டேன், நீ எழுதிக் கொடுத்தபடியே என்றேன். ஒரு நாள் கரண்ட் இல்லையே, மூன்று நாளில் ஐந்து பாகம் எப்படி முடிந்தது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கட்டு அவிழ்த்ததும் அம்மா முதலில் பார்த்தது இவள் காதில் தோடு இல்லாததைத்தான் என்று சொல்லிச் சிரித்தாள்.

நாலாவது தூள், பெட்ரோலில் இருக்கும் ஹெக்சேன் மூலக்கூறை உடைத்த வேகத்தைப் பார்த்துக் கைடு மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார். வெளியே வந்து கிடந்த அலுமினியத் துண்டுகள், உள்ளே மிச்சமிருந்த அமிலத்தின் பலத்தைக் கூட்டிவிட்டிருக்கின்றன. அதெல்லாம் பிறகு புரிந்தது. அன்றைக்கு அது தனியாக இருக்கும் அலுமினியத்தின் பலம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் மட்டும் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு எங்கேர்ந்து வருதுன்னு தெரியலையேப்பா என்றாள். அந்தக் கணத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஒரு மூடிக்கு இவ்வளவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைடு அவசரப்படுத்தினார். கட்டுரை போய்விட்டது. மூன்று பெயர்களில் இரண்டாவது என்னுடையது.

அலுமினியம் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி எங்கள் ஊரில் கிடையாது. வெளியூரில் ஒரு பெரிய நிலையத்துக்குத் தூளை அனுப்பிவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். கட்டுரை வந்துவிட்டதே, இனி எதற்கு என்றார் கைடு. அவள் அனுப்பினாள். மாதங்கள் கழித்து முடிவு வந்தது. அதே சமயம் எங்கள் கல்லூரியிலேயே ஒரு ஆசிரியர் பணியிடத்துக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். விண்ணப்பத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது அந்த ஒரு கட்டுரை. அடுத்த வாரம் நேர்காணல்.

தராசு அறை நடையில் என்னிடம் அந்த முடிவின் வரைபடத் தாளைக் காட்டினாள். கட்டுமானத்துக்குள் இருக்கும் அலுமினியத்துக்கு ஒரு பெரிய மேடு. தள்ளி, இருக்கவே கூடாத இடத்தில், சின்னதாக இன்னொரு மேடு. அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. நோட்டு மடியில் இருந்தது.

"சுடுறப்ப மூடி போட்டியாப்பா?"

"இல்லப்பா. பரப்பித்தான் வச்சேன். தெறந்துதான் இருந்துச்சு."

"சரி," என்றாள். அவ்வளவுதான். யார் பார்த்தது என்று கேட்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். கேட்கவே இல்லை.

எனக்கு வேலை கிடைத்தது. அவள் தூளை முதலிலிருந்து மறுபடி செய்தாள். இந்தத் தடவை தானே பரப்பி, தானே சுட்டு, தானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது மேடு வரவில்லை. அந்த வேகமும் வரவில்லை. மற்ற மூன்றோடும் ஒழுங்காகச் சேர்கிற மாதிரி அடக்கமான ஒரு முடிவு வந்தது. கைடு நிம்மதியாக மூச்சு விட்டார். பழையதைத் தூக்கிப் போடு, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், புதியதை வைத்துத் தீசிஸை முடி, பதிவுக்காலம் முடிய இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறது, இதுக்குமேல் நீட்டிக்க முடியாது என்றார். நான் அப்போது அவர் அறையில்தான் இருந்தேன்.

"மொதல்ல வந்தது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாம எப்புடி எழுதுறதுங்க சார்? ஒரே கைதான செஞ்சுச்சு. ஒரு தடவ அப்புடி வந்திருக்குன்னா, மத்த மூணு மட்டும் சரின்னு நான் எப்புடிச் சொல்றது?"

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவளே எழுதினாள். தன் தயாரிப்பில் காரணம் தெரியாத கோளாறு இருப்பதாக எழுதினாள். பிறகு அந்தக் காரணத்தைத் தேட ஆரம்பித்தாள். தண்ணீரை மாற்றினாள். உப்பை மாற்றினாள். பாட்டிலை மாற்றினாள். தன் கைமேலேயே சந்தேகம் வந்து, எடை போடும்போது கை நடுங்குகிறதா பார் என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நடுங்கவில்லை என்றேன். ஒரு வருஷம் இப்படிப் போனது. ஒவ்வொரு நாளும் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரே ஒரு வார்த்தையில் அவளை விடுவித்திருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயம். பிறகு, இவ்வளவு நாள் சொல்லாததை எப்படிச் சொல்வது என்ற வெட்கம். பதிவுக்காலம் முடிந்தது. கடைசி நாள் கண்ணாடிச் சாமான்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். சாவியையும் நோட்டையும் கைடிடம் ஒப்படைத்தாள். என்னிடம் வந்து, வாரேன்ப்பா என்றாள். அன்று நான் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். வகுப்பு இல்லை.

இப்போது அவள் கறம்பக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிறாள். பொங்கலுக்கு வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்புவாள், நானும் அனுப்புவேன்.

இந்த வருஷம் துறையைப் பார்வையிடக் குழு வருகிறது என்று பழைய அலமாரிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். கைடு ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அவர் அலமாரி என் பொறுப்பில் வந்தது. அதில் அந்த நோட்டு இருந்தது. நின்றபடியே புரட்டினேன். கடைசிப் பக்கங்களில் காரணங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்திருந்தாள். நாலாவதாக 'மூடி, தூளின் ஆழம்' என்று எழுதி, அடித்து, 'வாய்ப்பே இல்லை' என்று பக்க எண் கொடுத்திருந்தாள். அந்தப் பக்கத்துக்குப் போனேன். அவள் அம்மாவின் கண் ஆபரேஷன் நடந்த வாரம். நாலாவது தூள், ஐந்து பாகம், தட்டையான தட்டு, மெல்லிய பரப்பு, மூடி இல்லை. என் வாய் சொன்னதை நேராக எழுதியிருந்தாள். இடது பட்டையைப் பார்த்தேன். 'கே' என்றும் என் பெயரும் இருக்கும் என்று நினைத்தேன்.

'பா' என்று இருந்தது.

முன்னாலும் பின்னாலும் புரட்டிப் பார்த்தேன். கைடு, பாட்டில் கம்பெனி, வெளியூர் நிலையம், அவள் அம்மாவின் டாக்டர் பெயர்கூட ஒரு இடத்தில் 'கே' போட்டு இருந்தது. அடுத்தவர் பார்த்ததைத் தான் பார்த்ததாக அவள் எழுதியது அந்த நோட்டு முழுக்க அந்த ஒரே இடத்தில்தான். அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பியூன் வந்து, மயக்கமா மேடம், தண்ணி கொண்டு வரவா என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கறம்பக்குடி பஸ் ஏறினேன். திருவரங்குளம் தாண்டும்வரை இறங்கித் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வீட்டு வாசலில் அவள் அம்மா நெல்லிக்காய் உலர்த்திக்கொண்டிருந்தார். என்னை இரண்டொரு தடவைதான் பார்த்திருப்பார். தூரத்திலேயே, ஆவூருப் பொண்ணுல்ல, வாங்க வாங்க என்றார். ஆபரேஷன் செய்த கண் நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நரைத்திருந்தது. நோட்டைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும்.

"மூடி போட்டுத்தான் சுட்டேன்ப்பா. மொத்தத் தூளையும் ஒரே கிண்ணத்துல. நீ கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

அவள் பேனாவை மூடிவைத்தாள். வெளியே அம்மா காகத்தை விரட்டும் சத்தம் கேட்டது. திட்டுவாள், அழுவாள், போ என்பாள், எல்லாவற்றுக்கும் நான் தயாராகத்தான் போயிருந்தேன்.

"எவ்வளவு ஒயரம் இருந்துச்சு தூளு?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினேன். என் கையைப் பிடித்து அந்த விரல்களின் நடுவே ஸ்கேலை வைத்து அளந்தாள். மூடி முழுசாக உட்கார்ந்ததா, எவ்வளவு வேகத்தில் சூடேற்றினாய் என்று கேட்டாள். சொன்னேன். உதடு அசையக் கணக்குப் போட்டாள். பிறகு அவள் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. பரீட்சை முடிவு பார்த்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

"அப்ப நான் செஞ்சது சரியாத்தான் இருந்திருக்கு," என்றாள். "ஏங் கையில ஒண்ணும் இல்ல."

இரண்டு தடவை சொன்னாள். எனக்கு அதைக் கேட்க முடியவில்லை. இத்தனை வருஷமும் தினமும் கரும்பலகை முன்னால் நிற்கும்போது தன் கையைப் பற்றி அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டாள். தேடவில்லை, பக்கம் அவளுக்கு நினைவிருந்தது. பேனாவை எடுத்தாள். எடுத்துவிட்டு, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"மூடி போட்டத யாரு பாத்தா?"

ஊர்க்காரர்களிடம், பேராசிரியரிடம், என் வரனைப் பற்றி என்னிடம்கூட அவள் கேட்ட கேள்வி. நான் என் கையால் செய்ததைப் பற்றி மட்டும் அத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை.

"யாரும் பாக்கல," என்றேன். "நான் மட்டுந்தான்."

தலையாட்டினாள். இடது பட்டையில் 'பா'வை ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் 'கே' என்று எழுதி, கீழே சின்ன எழுத்தில் என் பெயரை எழுதினாள்.